மூன்று கிழமை ஜெல் பூசியும் முகச்சிவப்பு அடங்கவில்லை: பழைய கிறீமுக்குத் திரும்பலாமா?

கேள்வி: அக்காவுக்கு வயது 38. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இரண்டு வருஷமாகக் கன்னமும் மூக்கும் சிவந்து, சூடேறி, இடையிடையே சீழ் வைத்த பருவும் வருகிறது. ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் ரோசேசியா என்று சொல்லி மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று கிழமையாகப் பூசுகிறார். எரிகிறது, சிவப்பு அப்படியே இருக்கிறது. முன்பு பாமசியில் வாங்கிய ஒரு வெள்ளைக் கிறீம் பூசினால் இரண்டே நாளில் அடங்கிவிடும். அதையே திரும்பப் பூசலாமா?

பதில்:

பூச வேண்டாம். ஜெல்லையும் இப்போது நிறுத்த வேண்டாம். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த வெள்ளைக் கிறீமை அக்கா எப்போது நிறுத்தினார்? ஜெல் தொடங்கிய அன்றே நிறுத்தியிருந்தால், இந்த மூன்று கிழமை எரிச்சலில் பெரும்பங்கு ஜெல்லால் வந்ததாக இருக்காது. பழைய கிறீமை விட்டதால் வந்ததாக இருக்கலாம்.

டியூப் வீட்டில் கிடந்தால் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். பெட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெடசோன், புளூவோசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டெரொய்ட் கிறீம். முகத்தை வெளுக்க வைக்கும் என்று விற்கும் சில கிறீம்களில் ஸ்டெரொய்டோடு, நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் தோலை உரிய வைக்கும் டிரெட்டினோயினும் சேர்ந்திருக்கும். பெயரே இல்லாத சின்னப் போத்தலில் வந்ததென்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்டவற்றில் பாதரசம்கூட இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ன இருக்கிறதென்று எழுதாத கிறீமை முகத்தில் வைக்கவே கூடாது.

ஸ்டெரொய்ட் ஏன் இரண்டு நாளில் வேலை செய்கிறது? அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அழற்சியை அமுக்குகிறது. சிவப்பு வெளுத்துவிடும், பரு வற்றிவிடும். தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலிகிறது. சுருங்கியிருந்த குழாய்கள் கிறீமை விட்டதும் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. சில நாளில், அல்லது ஓரிரு கிழமையில், முகம் முழுக்கச் சிவந்து எரிந்து புதுப்பரு கிளம்பும். பயந்து திரும்பவும் பூசுவார்கள், மறுபடி அடங்கும். இந்தச் சுற்றில் மாட்டியவர்களுக்கு, ரோசேசியா இல்லாத முகத்திலும் ரோசேசியா மாதிரியே ஒரு நோய் வந்துவிடுகிறது. தோல் கிளினிக்குகளில் இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர்.

அதனால் அக்கா மாதக்கணக்காக அதைப் பூசியிருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பலர் வாயைத் திறப்பதில்லை. சொன்னால்தான் வழி இருக்கிறது: சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தாமல் வீரியம் குறைந்த ஸ்டெரொய்டுக்கு மாற்றி மெல்ல மெல்ல இறக்குவார்கள், சிலருக்கு ஸ்டெரொய்ட் இல்லாமலே அழற்சியைத் தணிக்கும் டக்ரோலிமஸ் களிம்பு கொடுப்பார்கள், சிலருக்கு டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோடிக் குளிசையும் சேர்ப்பார்கள். விட்ட பிறகு கிளம்பும் இந்தச் சிவப்பு முழுதாக அடங்கச் சில கிழமை முதல் சில மாதம் வரை எடுக்கும். அதைத் தாங்கிக் கடப்பதுதான் கஷ்டமான பகுதி. ஜெல் பூசுவது அவ்வளவு கஷ்டமில்லை.

இனி ஜெல். மெட்ரோனிடசோலுக்கு மூன்று கிழமை போதாது. பரு குறையத் தொடங்குவதே மூன்றாம் நான்காம் கிழமையில்தான். பலிக்கிறதா இல்லையா என்று எட்டாம் ஒன்பதாம் கிழமையில்தான் சொல்ல முடியும். வழக்கமாக மூன்று, நான்கு மாதம் பூச வேண்டி வரும். இன்னொன்று, இந்த ஜெல் முதலில் குறைப்பது பருவையும் சீழ்க்கட்டியையும்தான். பொதுச் சிவப்பு ஓரளவுக்குக் குறையும். மூக்கோரத்தில் நூல் மாதிரித் தெரியும் சின்ன இரத்தக் குழாய்கள் எந்தக் களிம்புக்கும் மறையாது, அவற்றுக்கு லேசர்தான். எனவே “சிவப்பு அப்படியே இருக்கிறது” என்று தள்ளுவதற்கு முன், பருவின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, அதே வாசலில், அதே நேர வெளிச்சத்தில், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம். தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது.

பூசும் விதத்தில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலையில் அடுப்படி வேலை முடிந்த பிறகு பூச வேண்டும், முன்பு அல்ல. விறகடுப்பின் அனல் முகத்தில் படப்பட இரத்தக் குழாய் விரிந்து முகம் சிவந்திருக்கும். அந்த நேரம் ஜெல் பட்டால் நெருப்பாய்த்தான் எரியும். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கொழுந்துக்கறை, மருந்தடித்த இலையின் தூசு, கொச்சிக்காய் அரைத்த கை, எதுவும் முகத்துக்குப் போகக்கூடாது. முகத்துக்குச் சவர்க்காரம் வேண்டாம். கார்போலிக் சோப்பும் வேப்பிலைச் சோப்பும் இந்தத் தோலுக்கு எதிரிகள். சவர்க்காரம் சேராத, வாசனை இல்லாத முகம் கழுவும் திரவம் இருந்தால் அது. இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும். மார்கழி, தை மாதத்துப் பீலித் தண்ணீர் ஐஸாக இருக்கும், அதை அப்படியே அடித்துக் கழுவினாலும் சிவக்கும், கொதிக்கும் தண்ணீர் கலந்தாலும் சிவக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா விட வேண்டும். எரிச்சல் என்று சொல்பவர்களில் பலர் ஈரத்தோலில் பூசுகிறவர்கள். ஈரமான தோலுக்குள் மருந்து வேகமாக இறங்கும், அதோடு எரிச்சலும் இறங்கும். அந்த இடைவெளியில் சாப்பாட்டைக் கட்டலாம், தலை சீவலாம்.

அளவு: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிழிந்தால் அது கிட்டத்தட்ட அரை கிராம். முகத்துக்கு ஒரு தடவைக்கு அது தாராளம். அதை நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று ஐந்து இடத்தில் புள்ளி வைத்து, மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். பருவின் தலையில் மட்டும் தொட்டு வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நோய் அந்தப் பகுதி முழுவதிலும் இருக்கிறது, பரு அதன் ஒரு முனை மட்டுமே. கண் இமை, உதடு, மூக்குத் துவாரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். கண்ணுக்குள் போனால் கண்ணீர் கொட்டும், நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

நாளுக்கு இரண்டு தடவை அரை அரை கிராம் என்றால் ஒரு நாளுக்கு ஒரு கிராம். 30 கிராம் டியூப் ஒரு மாதம் வரும். இந்தக் கணக்கை வைத்தே அக்கா எப்படிப் பூசுகிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்று கிழமையில் டியூப்பில் முக்கால்வாசி மிச்சம் இருந்தால் மருந்து முகத்துக்குப் போதவில்லை. பத்து நாளில் முடிந்துவிட்டதென்றால் அப்பிப் பூசுகிறார், எரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கூடப் பூசினால் சீக்கிரம் மாறும் என்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது.

ஜெல் காய்ந்து பதினைந்து நிமிஷம் ஆன பிறகுதான் வெயில் கிறீம். இதைத் தவறவிட்டால் பூசிய ஜெல்லும் வீண். மெட்ரோனிடசோல் புறஊதாக் கதிர் பட்டால் பலனிழந்து மாறும் மருந்து, அதனால் பூசிய முகத்தைக் கடும் வெயிலில் காட்டக்கூடாது என்பது அதன் விதி. கொழுந்து மலையில் நிற்பவருக்கு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். முழுதாக முடியாது, குறைக்க முடியும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது, நாடோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். குளிராக இருக்கிறது, பனிமூட்டமாக இருக்கிறது என்று வெயில் கிறீமை விட்டுவிடுகிறார்கள். மெல்லிய மேகத்தினூடாகப் பெரும்பகுதிக் கதிர் இறங்கிவிடும். உடம்புக்குத் தெரிவது சூடு மட்டும்தான், இந்தக் கதிர் சூடாகத் தெரியாது.

சிங்க் ஒக்சைட் அல்லது டைட்டானியம் டைஒக்சைட் உள்ள, 30க்கு மேல் பாதுகாப்பு எண் (SPF) கொண்ட கிறீமைத் தேடுங்கள். மற்ற வகைகள் இந்தத் தோலில் எரிய வாய்ப்பு அதிகம். மாநிறத் தோலில் வெள்ளை பூத்தமாதிரித் தெரியும் என்று பெண்கள் தயங்குவார்கள். லேசாக நிறம் கலந்தது கிடைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பூசச் சொல்லும் விதியை மலையில் யாரும் கடைப்பிடிக்கப் போவதில்லை. கொழுந்து நிறுக்கும் நேரம் ஒரு தடவை பூசினாலே பெரிய காரியம். அகல விளிம்புத் தொப்பியோ, முகத்துக்கு நிழல் விழும்படி முன்னுக்கு இழுத்துக் கட்டிய துணியோ கிறீமைவிட நம்பகமானது. கூடைக் கயிறு நெற்றியில் உரசும் இடத்தில் மெல்லிய பருத்தித்துணி வைக்கச் சொல்லுங்கள்.

இரவுப் பூச்சு எளிது. முகம் கழுவி, காயவிட்டு, பூசி, கொஞ்ச நேரம் கழித்து வாசனையில்லாத ஈரப்பதக் கிறீம். எரிச்சல் அதிகம் என்றால் வரிசையைத் திருப்பலாம்: முதலில் ஈரப்பதக் கிறீம், பிறகு ஜெல். கொஞ்சம் வீரியம் குறையும், ஆனால் எரிகிறதென்று விட்டுவிடுவதைவிட அது நல்லது. முதல் இரண்டு கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசிப் பழக்கவும் செய்யலாம்.

எரிச்சலிலும் இரண்டு வகை உண்டு. பூசியதும் சில நிமிஷம் சுள்ளென்று இருந்து அடங்குவது சாதாரணம், நாளாக ஆகக் குறையும். மணிக்கணக்காக நமைச்சல், இமை வீங்குவது, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், தோல் கசிவது என்றால் அது ஒவ்வாமை. அன்றே நிறுத்தி டொக்டரிடம் போக வேண்டும்.

மேற்கு மலைப் பக்கம் தை மாசி காற்று தோலை உலர்த்தித் தள்ளும். அந்தக் காலத்தில் ஜெல்லைவிடக் கிறீம் வடிவம் நன்றாக ஒத்துப்போகும். மெட்ரோனிடசோல் இரண்டு வடிவிலும் உண்டு, பலன் ஒன்றே. அடுத்த மருந்துத் துண்டு எழுதும்போது கிறீமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பாமசியில் வாங்கும்போது இன்னொரு கவனம்: மெட்ரோனிடசோல் ஜெல் என்று கேட்டால் பல் ஈறுக்குப் பூசும் ஜெல்லைத் தூக்கித் தருவது நடக்கிறது. அதில் குளோர்ஹெக்சிடின் கலந்திருக்கும். பெண்களின் உட்பாவனைக்கான ஜெல்லும் உண்டு. அயோடின் கலந்த புண் களிம்பும் உண்டு. எழுதிய துண்டோடு பெட்டியை ஒப்பிட்டு, தோலுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்காமல் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

ஒன்பது கிழமை ஒழுங்காகப் பூசியும் பரு குறையாவிட்டால் அடுத்த வழி இருக்கிறது. ஐவர்மெக்டின் 1 சதவீதக் கிறீம் நாளுக்கு ஒரு தடவை, ஐந்து இடத்துக்கும் தலா ஒரு பட்டாணி அளவு. தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியையும் குறைக்கும், அழற்சியையும் தணிக்கும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 16 கிழமை முடிவில் பரு குறைந்த அளவு ஐவர்மெக்டினில் 83 சதவீதம், மெட்ரோனிடசோலில் ஏறத்தாழ 74 சதவீதம். கூடுதல்தான், ஆனால் விலையும் கூடுதல், எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தை எடுத்துப் பூசிவிடாதீர்கள். அந்தப் போத்தலிலும் 1 சதவீதம் என்றே எழுதியிருக்கும், மாடு வளர்க்கும் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் அது ஊசிக்கான கரைப்பானில் கலந்தது, முகத்தோலுக்கு ஆகாது.

அசெலெயிக் அமிலம் 15 சதவீத ஜெல் இன்னொரு நல்ல மருந்து. நாளுக்கு இரண்டு தடவை, இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். நம் நிறத்துக்கு அதில் ஒரு மேலதிக லாபம்: பரு விட்டுப்போகும் கருந்தழும்பையும் மங்க வைக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. குறை, முதல் சில கிழமை குத்தும். அதனால் இரவில் மட்டும் தொடங்க வேண்டும். ஸ்டெரொய்ட் விட்டு எரிந்துகொண்டிருக்கும் முகத்தில் இதைத் தொடங்கவே கூடாது. பிரிமோனிடின் ஜெல் சிவப்பைச் சில மணித்தியாலம் வெளுக்க வைக்கும், சிலருக்கு அது இறங்கும்போது முன்னைவிட மோசமாகச் சிவக்கும். அக்காவின் கதையைப் பார்த்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பரு நிறைய என்றால் டொக்சிசைக்ளின் குளிசையைக் களிம்போடு சேர்ப்பார்கள். கர்ப்பம் இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட, முதலே சொல்ல வேண்டும்.

தூண்டும் காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறும். வெயில், அனல், குளிர்காற்று, கொச்சிக்காய், மது, மன அழுத்தம். தேத்தண்ணியை விடச் சொல்லமாட்டேன், மலையில் யார் கேட்பார்? தேயிலையைவிட அதன் சூடுதான் குழப்பம் பண்ணுகிறது. கொஞ்சம் ஆறவைத்துக் குடிக்கட்டும். தேசிக்காய்ச் சாறு, படிகாரம், அரிசிமாவு போட்டுத் தேய்ப்பது, நெற்றிக்கும் மூக்குக்கும் தைலம் தடவுவது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். தைலத்தில் உள்ள கற்பூரமும் மெந்தோலும் இந்தத் தோலை உடனே சிவக்க வைக்கும். தடிமனுக்குத் தைலம் இல்லாமல் முடியாதென்றால் நெஞ்சில் தடவட்டும்.

கிளினிக்கில் சொன்னதால் ரோசேசியாதான் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் மாநிறத் தோலில் இந்த நோயைப் பிடிப்பது சிரமம், சிவப்பு பழுப்பாக, கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். கரும்புள்ளி, வெண்புள்ளி நிறைய இருந்தால் அது சாதாரண முகப்பரு. மூட்டுவலி, முடி கொட்டுதல், வாய்ப்புண் சேர்ந்து, மூக்கோர மடிப்பை மட்டும் விட்டுவிட்டுக் கன்னம் சிவந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்க வேண்டும். புருவம் உதிர்ந்து, தோல் தடித்து, உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த படை இருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அதற்கு அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகவே மருந்து உண்டு, முழுதாக மாறும்.

கண்ணையும் கேளுங்கள். மணல் விழுந்தமாதிரி உறுத்தல், இமையோரம் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி என்றால் ரோசேசியா கண்ணுக்கும் போயிருக்கலாம், முகத்து ஜெல் அதற்கு உதவாது. கண் வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் என்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

பரு முழுதாக மறைந்தாலும் உடனே நிறுத்தக்கூடாது, டொக்டர் சொல்லும் வரை பூசட்டும். பிறகு நிறுத்திப் பார்ப்பார்கள், திரும்பி வந்தால் அதே மருந்தையே மறுபடி தொடங்கலாம். இது வந்துபோகும் நோய், அடக்கி வைக்கலாம், அடியோடு பிடுங்க முடியாது.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போனில் எடுத்த படங்களையும், இதுவரை முகத்தில் பூசிய எல்லா டியூப்பையும் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த வெள்ளைக் கிறீமின் வெறும் டியூப் குப்பையில் கிடந்தால் அதையும்.